சீனியின் நம்பர்

இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் ஆள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லும் பச்சை விளக்கு திரையில் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

ரூபன் இரும்புச் சங்கிலித் தடத்தின் மேல் நின்றபடி கேபினுக்குள் எட்டிப் பார்த்தான். இந்தப் பக்கத்தில் எல்லாரும் ஜெங்காவுட் என்றழைக்கும் பெரிய மண்வாரி அது. காலையிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. திரையில் ஒரு பிழை எண். கையேட்டைப் புரட்டாமலே ரூபனுக்கு அதன் அர்த்தம் தெரியும்: இருக்கை சுவிட்ச் விடுபடவில்லை. ஓட்டுபவன் எழுந்தால் விளக்கு அணைய வேண்டும். நாள்கணக்கில் எழவே இல்லையென்றால், எவனோ ஒயரைப் போட்டு ஏமாற்றுகிறான் என்று முடிவுகட்டி, ஓடமாட்டேன் என்று மிஷின் அடம்பிடிக்கும். பெரிய வேலை ஒன்றும் இல்லை.

இதை முடித்துவிட்டால் தனேஷின் கம்பெனியை இன்றோடு தலைமுழுகிவிடலாம். திங்கட்கிழமை கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர வேண்டும். கூரைக்குக் கீழே வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு. ஈப்போ வீட்டில் மனைவி ஷாமினி புதுச் சீருடையைத் தேய்த்து மாட்டிவைத்திருப்பாள். தனேஷிடம் மாடாக உழைத்ததில் அவனுக்கு மிஞ்சியது முதுகுவலியும் கெட்ட பெயரும்தான்.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு வீடு கட்ட மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்த இடம். வேலையாட்கள் லோரி ஏறிப் போய்விட்டார்கள். மழை இறங்கப் பார்த்ததால் பொழுது சாயும் முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. வெட்டிப்போட்ட மரங்களின் புளித்த பால் வாடையும் ஈர மண்ணின் வாடையும் ஆறிய டீசல் வாடையும் கேபினுக்குள் அடைந்துகிடந்தன. அவற்றுக்கு அடியில், மெல்ல, இன்னொரு வாடையும் இருந்தது. ரூபன் அதைக் கவனிக்காதவன் போல மீட்டரை எடுத்தான்.

இருக்கைக்கு அடியில் கைவிட்டு சுவிட்ச் ஒயரின் பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கினால் விளக்கு அணைந்தே தீர வேண்டும். அணையவில்லை. ஒயர் எங்காவது உரசியிருக்கும், இல்லை எலி கடித்திருக்கும் என்று ஒயர்க் கட்டைப் பிரித்து விரல்களால் தடவிக்கொண்டே போனான். ஒரு கீறல்கூட இல்லை. மறுமுனையையும் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தான். ஒயரில் குறை எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் கழன்ற ஒயர் செத்த பாம்பாகத் தரையில் கிடந்தது. விளக்கு எரிந்தது.

இருக்கையைத் தொட்டான். சூடாக இருந்தது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. கையை எடுத்து முகர்ந்தபோது, அதுவரை கவனிக்காமல் விட்ட வாடை எதுவென்று தெரிந்துபோனது. கோடாலித் தைலம்.

சீனி அண்ணன் ஓட்டிய மிஷின் இது. போன மாதம் ஒருநாள், நெஞ்சை அடைக்கிறது, கிளினிக்குப் போய்வருகிறேன் என்று தனேஷிடம் போனில் கேட்டார். அந்த மேட்டை முடித்துவிட்டுப் போங்கள் என்றான் தனேஷ். சீனி நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மேட்டை வெட்டி முடித்தார். பிறகு இருக்கையை விட்டு எழவே இல்லை. தகவல் கேட்டதும் தனேஷ் முதலில் விசாரித்தது, மிஷினை யாராவது ஆஃப் பண்ணினீர்களா என்பதைத்தான். அவனெல்லாம் மனிதனா?

மிஷினில் ஓட்டுபவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதைத் தட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும். சீனிக்குப் பின் வந்தவர்களிடம் லைசென்ஸ் இல்லாததால் தனேஷ் அவர்களுக்கு நம்பர் போடவில்லை. யார் ஏறினாலும் சீனியின் நம்பரைத்தான் தட்டினார்கள். கருமாதி முடிந்து வீட்டில் படத்துக்கு மாலையும் போட்டாயிற்று. மிஷினைப் பொறுத்தவரை அவர் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை.

ரூபன் தனேஷுக்குப் போன் போட்டான். சூட்டைப் பற்றிச் சொல்லவில்லை, ஒயரைப் பற்றி மட்டும் சொன்னான்.

"சீனி அண்ணன் நம்பர அழிச்சிரலாம் பாஸ். அவர விட்ருவோம்."

"அழிச்சிட்டு எவன் நம்பரப் போடுவ? உனக்கு லைசென்ஸ் இருக்குல்ல, உன் நம்பரப் போடுலா."

"திங்கக்கெழமயிலேர்ந்து நான் வரமாட்டேனே பாஸ்."

"மிஷின் ஓடாம நீ எங்கயும் போவ முடியாது ரூபன்," என்று சொல்லி தனேஷ் வைத்துவிட்டான்.

மழை தகரத்தில் கொட்டுவதுபோல கேபின் கூரையில் விழ ஆரம்பித்தது. ரூபன் போனைத் தடத்தின் மேலிருந்த கருவிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, திரையைத் தட்டி சீனியின் நம்பரை அழித்தான்.

விளக்கு அணைந்தது. இருக்கை பெருமூச்சு விட்டபடி மேலே எழும்பியது, கனமான ஒருவர் எழுந்துகொண்டதைப் போல. தைல வாடை ரூபனின் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது. திரும்பிப் பார்த்தான். மழைக்குள், செம்மண்ணில், தோளில் துண்டோடு சீனி அண்ணன் பெரிய ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரூபனுக்கு அழுகை வந்தது. பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

"வீட்டுக்குப் போங்கண்ணே," என்றான்.

ஒயரை மாட்டினான். தன் நம்பரைத் தட்டினான். பிழை மறைந்தது. இனி என்ன பயம் என்று இருக்கையில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. மிஷினின் கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தான். எல்லாம் சரி. சாவியைத் திருப்பி அணைத்தான். நெம்புகோல்களைப் பிடித்து எழுந்தான்.

எழவில்லை.

இன்னொரு முறை முயன்றான். கால்கள் கேட்கவில்லை. கைகள் நெம்புகோல்களை விட்டு வரவில்லை. கத்தினான். சத்தம் வெளியே வரவில்லை. திரையில் பச்சை விளக்கு. நெஞ்சுக்குள் மெல்ல ஓர் அடைப்பு. பெட்டிக்குள் போன் அடித்தது. ஷாமினி. நின்றது. மறுபடி அடித்தது. விடிய விடிய.

காலையில் மழை விட்டிருந்தது. தனேஷ் வந்து கேபினுக்குள் தலையை நீட்டினான். அவன் மூச்சு ரூபனின் முகத்தில் பட்டது. ரூபன் கதறினான். தனேஷ் திரையை மட்டும் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

"மிஷின சரி பண்ணிட்டான். பெட்டியக்கூட எடுக்காம ஓடிட்டான் பாரு, நன்றி கெட்டவன்," என்றான். பிறகு புதிதாக வந்த வங்காளதேசத்துக்காரனிடம் மலாயில் ரூபனின் நம்பரைச் சொல்லிக்கொடுத்து, இனி இதையே தட்டச் சொன்னான். பெட்டிக்குள் போன் திரும்ப அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அந்த ஆள் ஏறி வந்தான். நம்பரைத் தட்டினான். திரும்பி, ரூபனின் மடியில் உட்கார்ந்தான். அவனுடைய முழுப் பாரமும் இறங்கியது. நெம்புகோல்களைப் பிடித்திருந்த ரூபனின் விரல்கள் மேல் தன் விரல்களை வைத்துப் பிடித்தான். இன்ஜின் உறுமியது. ஜெங்காவுட் அடுத்த மேட்டை நோக்கி நகர்ந்தது.