முதுகில் மூன்று பொத்தான்கள்

கோட்டாற்றுத் தையல்காரர் ஞானதாசனின் வலது கை மூன்று மாதமாக மடியிலேயே கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கும் கை அது. வாதம் வந்து விழுந்ததிலிருந்து ஒரு கரண்டியைக்கூடத் தூக்கவில்லை.

நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை மகள் ராஜபாய் மறக்கவே இல்லை.

"கையில ஒரு குறையும் இல்ல. அசையச் சொல்லி மூளை அனுப்புற செய்தி நரம்பு வழியாத்தான் கைக்கு வரணும். மூளையில அந்த வழி கெட்டுப்போச்சு. பக்கத்துல வேற வழி மெல்லப் பழகும். ஆனா கை தினமும் வேலை செஞ்சு பாக்கணும்."

அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். அப்பா அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

"இது பிள்ளைகளுக்க வெளையாட்டு சாமானம்."

அவர் கஷ்டப்படுவதைப் பார்க்க அம்மா சத்தியபாய்க்குப் பொறுக்காது. சோறு ஊட்டுவாள், சட்டை மாட்டிவிடுவாள். பாவம், வலது கைக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கமாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, ராஜபாய் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது, "ஏட்டி, இஞ்ச வா. பொத்தான் போட்டுத் தாறேன்" என்றாள் அம்மா.

ராஜபாய் நேரே அப்பாவிடம் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

"எனக்கு ஏலாது மக்கா. அம்மைகிட்ட போ."

"உடுப்பு நீங்கதானே தச்சிய? எனக்கு எட்டாத எடத்துல பொத்தான வச்சது யாரு? நீங்களே போட்டு விடுங்க. அந்தக் கையால."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது கையை மெல்லத் தூக்கினார். கட்டைவிரல் லேசாக அசைந்தது. பொத்தான் வழுக்கி வழுக்கிப் போனது. பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்த பிறகு இடது கைதான் வந்து போட்டது.

மறுநாளும் ராஜபாய் முதுகைக் காட்டினாள். அதற்கு மறுநாளும். தினமும் பிந்திப் போய் வகுப்புக்கு வெளியே நின்றாள். வீட்டில் அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு நாள், முதுகுக்குப் பின்னால் விரல்கள் வெகுநேரம் துழாவிக்கொண்டிருந்தன.

"மூணும் போட்டாச்சு மக்கா" என்றார் அப்பா.

ராஜபாய் ஓடினாள். வகுப்பு வாசலில் சொர்ணம்மாள் டீச்சர் நின்றார்.

"இன்னைக்கும் பிந்தியாச்சு. பொத்தானையாவது சரியாப் போடப்படாதா? மேலயும் கீழயும் மாறிக் கெடக்கு. திரும்பு, நான் போட்டுத் தாறேன்."

ராஜபாய் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர். எங்கப்பா போட்டது. வலது கையால."

தையல்காரரின் கை விழுந்துபோனது டீச்சருக்கும் தெரியும். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உள்ள வா மக்கா" என்றார்.

பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று, ராஜபாய் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.