பரிவு அளவு மூன்று

வளையூரில் கதவுகளுக்குச் சாவி கிடையாது. முகம்தான் சாவி. ரொட்டிக்கடைக்குள் போகப் பசித்த முகம் வேண்டும். நூலகத்துக்கு அமைதியான முகம். கதவு நிலையில் பதித்த முகமானி தசைகளை அளந்து பார்த்து, திருப்தியானால்தான் திறக்கும். சனிக்கோளைச் சுற்றி மிதக்கும் ஊர் அது. கண்ணாடிக் கூரைக்கு மேலே கோளின் வளையங்கள் பால்நிறத்தில் மெல்ல நகர, கீழே மக்கள் கதவுக்குக் கதவு முகத்தை மாற்றிக்கொண்டு போவார்கள். மரகதவல்லியைத் தவிர யாருக்கும் அது சிரமமாகத் தெரியவில்லை.

முப்பது ஆண்டுகள் ஊரின் தண்ணீர்க் குழாய்களைப் பராமரித்த அவளுக்குப் பார்க்கின்சன். கல்லீரலையே அச்சிட்டுப் பொருத்தும் காலத்திலும் இந்த நோய் முழுதாக மசியவில்லை. மூளையில் பொருத்திய கருவி கைநடுக்கத்தை அடக்கியது. இறுகிப்போன முகத்தை இளக்கவில்லை. உள்ளே சிரித்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. நடக்கையில் திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே குறுக்காக ஒரு கோடு இருந்தால் மட்டும், அதைத் தாண்டும் நினைப்பில் எழும். வளையூரின் தரையோ கோடே இல்லாத வெண்பளிங்கு. நடைவழிகளில் கோடு போடச் சொல்லி மூன்று ஆண்டுகளாக மனு கொடுத்துவந்தாள். இன்று பார்க்கின்சன் விழிப்புணர்வு நாள். ஊர் மன்றத்தில் பேச ஐந்து நிமிடம் கிடைத்திருந்தது. இதை விட்டால் அடுத்த ஆண்டுதான்.

மன்ற வாசலில், வரிசையில் நிற்பதற்காக மஞ்சள் பட்டைகள் ஒட்டியிருந்தார்கள். அவற்றைத் தாண்டித் தாண்டி, கனவில் நடப்பதுபோல் லேசாகப் போனாள். கணவர் பொன்னரசு பின்னால் வந்தார்.

"பாத்தீங்களா, கோடு இருந்தா நான் ஓடவே செய்வேன்."

கதவு அவளை அளந்தது. "உங்கள் பரிவு அளவு மூன்று. பார்க்கின்சன் நோயாளிகள் மீது அக்கறை உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி."

"அந்த நோயாளியே இவதான்யா," என்றார் பொன்னரசு.

"முகத்தில் தெரியவில்லை. உங்கள் பரிவு அளவு தொண்ணூற்று நான்கு. நீங்கள் உள்ளே செல்லலாம்."

கண்ணீர் அவருக்கு எப்போதும் கைவசம் உண்டு. மரகதவல்லிக்கும் அழுகை முட்டியது. மானி மூன்றிலேயே நின்றது.

"நீங்க போங்க. கோடு போடச் சொல்லுங்க. அது ஒண்ணுதான், மறந்துடாதீங்க."

ஒரு மணி நேரம் கழித்து அவர் திரும்பியபோது கழுத்தில் அந்த ஆண்டின் பரிவுப் பதக்கம் இருந்தது. அதன் நீல நாடா இடுப்புவரை தொங்கியது.

"கோடு?"

"என் மனைவின்னு ஆரம்பிச்சதுமே அழுகை வந்துருச்சு மரகதம். சபையே அழுதுச்சு. அஞ்சு நிமிஷமும் அதுலயே போயிருச்சு."

கூட்டம் ஈரக் கண்களோடு அவளைச் சுற்றி விலகிப் போய்க் கலைந்தது. துப்புரவு எந்திரங்கள் வந்து மஞ்சள் பட்டைகளை உரித்தெடுத்தன. வீடுவரை இருநூறு அடி, வெறும் வெண்மை. அவள் கால் எழவில்லை.

பொன்னரசு அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். இம்முறை அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. பதக்கத்தைக் கழற்றி, நாடாவை நீட்டி, அவள் பாதத்துக்கு முன்னால் குறுக்காகப் போட்டார்.

"தாண்டு."

தாண்டினாள். குனிந்து எடுத்து மறுபடி முன்னால் போட்டார். மறுபடி தாண்டினாள். மேலே வளையங்கள் நகர்ந்தன. கீழே அந்த நீலக்கோடு அவளுக்கு முன்னால் வீடுவரை நகர்ந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. முகத்தில் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. பரிவு நாடாவைக் காலடியில் போட்டதைப் பலர் படம்பிடித்து அனுப்பி, மனம் புண்பட்டதாக எழுதியிருந்தார்கள். பொன்னரசுவின் பரிவு அளவு மூன்றாகக் குறைக்கப்பட்டிருந்தது. பதக்கத்தை உடனே திருப்பித் தர வேண்டும்.

மரகதவல்லி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"பதக்கத்தத்தானே கேட்டுருக்காங்க," என்றாள். "குடுத்துருங்க. நாடாவ மட்டும் அவுத்து வச்சுக்கங்க."