ஐஸ்காரர் வீட்டு மருந்து

காலை ஏழு மணி. ஐஸ் கம்பெனி முதலாளியின் ஒரே மகனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் அப்பாவின் கம்பெனி ஐஸ் பாளங்கள். அரைப் பாளம் கேட்டாலும் வாய் வலிக்கப் பேரம் பேசுகிற மனிதர், இன்று அள்ளிக் கொட்டியிருந்தார்.

"கொன்னது இவதான் மேடம்," என்று மருமகளைக் காட்டினார். "ஊசி போடுறது இவ பொறுப்பு. போடாம விட்டுட்டா."

இன்ஸ்பெக்டர் அம்மாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கூவுகிற கூச்சலுக்கு அவள் விலை வைப்பதில்லை. சரக்கைப் புரட்டிப் பார்த்த பிறகுதான்.

மகனுக்குச் சிறு வயதிலேயே வந்த முதல் வகைச் சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் உடம்பு ஓடாது. கல்யாணத்துக்குப் பிறகு சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்டது என்றாள் மருமகள். நீச்சல், சினிமா, ஊர் சுற்றல் என்று அவன் ஆசைப்பட்டதெல்லாம் ஊசிப் பையோடு நடந்தது. முந்தாநாள் திடீரென்று ஏறியது. தீராத தாகம், வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். "இன்னொரு ஊசி போடு, இறங்கிடும். பாதி வாழ்க்கை அங்கேயே போச்சு" என்று சிரித்தானாம். விடிகாலையில் எழுப்பினாள். எழவில்லை.

குப்பைக்கூடையில் ஊசிகள் நிறையக் கிடந்தன. புது பாட்டிலில் மருந்தும் அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. போடாதவள் எங்கே செலவழித்தாள்? இன்ஸ்பெக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். தெளிவாக இருக்கவேண்டிய மருந்தில் துகள்கள் மிதந்தன. லேபிள் ஊறிப்போய், விரல் பட்டதும் வழுக்கியது.

"மருந்து எங்க இருந்துச்சு?"

மருமகள் மாமனாரை ஒருமுறை பார்த்தாள். "ஃபிரிட்ஜ்ல."

விற்கத் தெரியாதவள் விற்ற பொய்.

"போன வாரம் ஊரே கரண்ட் இல்லாம கிடந்துதே ஐயா, அப்பவும் ஃபிரிட்ஜ்லயா?"

ஐஸ்காரர் நிமிர்ந்தார். "சூட்டுல கெட்டுடும்னு இருந்த பாட்டில் அத்தனையும் நானே ஜெனரேட்டர் ஓடுற கம்பெனிக்குக் கொண்டுபோனேன். மீனை உறைய வைக்கிற ரூம்ல வெச்சேன். அங்க வெச்ச மீன் மாசக்கணக்கா கெடாது. என் புள்ள மருந்தைக் கெட விடுவேனா? அதை விடுங்க, கொன்னவ பேரைச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பேரைச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாவிட்டால் மருமகள் ஜெயிலுக்குப் போவாள்.

"இன்சுலின் குளிர்ந்தா போதும் ஐயா. உறைஞ்சா செத்துடும். உருகினப்புறம் மேலோட்டமா பார்த்தா மருந்து மாதிரிதான் இருக்கும், வேலை செய்யாது. இந்தப் பொண்ணு ஊசி போட்டுக்கிட்டேதான் இருந்திருக்கா." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"காலையில. அந்தத் துகளைப் பார்த்தப்போ."

"ஏம்மா சொல்லல?"

"எனக்கு ஜெயிலோட முடிஞ்சுடும் மேடம். மாமாவுக்கு எதோட முடியும்?"

ஐஸ்காரர் தரையில் உட்கார்ந்தார். வெறும் கையால், ஒவ்வொரு பாளமாக மகனை விட்டுத் தள்ளத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை.

மருமகள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். "இந்தப் பக்கம் நான் தள்றேன் மாமா."