இருபத்திரண்டு நிமிட மழை

அரங்கில் உட்காருமுன், காதுக்குப் பின்னால் பதித்திருந்த பார்வைமானியைக் கோமதிநாயகம் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். யார் எதை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று பதிவு செய்யும் கருவி அது. செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் பிறந்த குழந்தைக்குக்கூட உண்டு.

பூமியிலிருந்து மாதத்துக்கு ஒரு படம்தான் வரும். கடைசி ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்ததும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கூடுவார்கள். படம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் மடிப்பலகையில் இரண்டு வரி கருத்தும், ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் எழுத வேண்டும். பிடித்த கருத்துக்கு மற்றவர்கள் 'சபாஷ்' அழுத்துவார்கள். அதிக சபாஷ் வாங்கியவர்தான் அடுத்த மாதப் படத்தைத் தேர்ந்தெடுப்பார்.

அவர் மனைவி சங்கரவடிவு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மழை பெய்ற படமா ஒண்ணு வரவழைங்க. மழையப் பாத்துப் பதினாறு வருசமாச்சு." அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் பதினோரு மாதமாக வென்றுகொண்டிருப்பவன் பசுமைக்கூடத்தில் தக்காளி வளர்க்கும் ஜெபஸ்டின்.

இன்றும் அப்படித்தான். காற்றுக்குழாய்ப் பரிசோதகரான கோமதிநாயகம் ஒளிப்பதிவு, திரைக்கதை என்று அலசி மூன்றேகால் மதிப்பெண் போட்டிருந்தார். கிடைத்தது நான்கு சபாஷ். அதில் ஒன்று அவரே அழுத்தியது. ஜெபஸ்டின் எழுதியதோ இவ்வளவுதான்: "ரெண்டரை மணி நேர ஆக்சிஜன் வேஸ்ட். அஞ்சுக்கு ரெண்டு." இருநூற்றுத் தொண்ணூறு சபாஷ்! சங்கரவடிவும் விழுந்து விழுந்து சிரித்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆக்சிஜன் அவர் துறை. அதை வைத்தும் அவன்தான் பேர் வாங்குகிறான்.

எழுந்து நின்றார். "இவன் படமே பாக்கல. புகார் குடுக்கிறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்கண்ணே," என்றாள் குடியிருப்புத் தலைவி ஹசீனா. "புகார்னு வந்தா அரங்கத்துல இருந்த எல்லாரோட பதிவையும் திறக்கணும். விதி அது."

"திறங்க!"

பதிவுகள் திரையில் வரிசையாக வந்தன. ஜெபஸ்டின்: படம் ஒன்பது நிமிடம், மீதி நேரம் தூக்கம். கோமதிநாயகம் வெற்றிச் சிரிப்போடு திரும்புவதற்குள் அவருடைய பதிவும் வந்துவிட்டது. படம் பதினான்கு நிமிடம், ஜெபஸ்டின் முகம் இரண்டு மணி நேரம்.

"ரெண்டு மணி நேரமா?" என்றாள் சங்கரவடிவு. "கல்யாணமான நாள்லேருந்து என் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்திருப்பீங்களா?"

அடுத்து அவளுடைய பதிவு வந்தது. அவள் பார்த்தது மடிப்பலகையை. ஹசீனாவும் அதையே. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் படம்கூட ஒருவரும் பார்க்கவில்லை. முழுதாகப் பார்த்தது பின்வரிசையில் தரை துடைக்க நின்றிருந்த இயந்திரம், துடைப்பான் ஏழு.

"படம் எப்படி இருந்துச்சு?" என்று ஹசீனா அதனிடம் கேட்டாள்.

"நன்றாக இருந்தது. நடுவில் இருபத்திரண்டு நிமிடம் மழை பெய்தது."

சங்கரவடிவு இருக்கையை விட்டு எழுந்தாள். "மழையா? இந்தப் படத்துலயா?"

படத்தைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லாததால், அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை துடைப்பான் ஏழுக்குப் போனது. அது அதே படத்தையே மறுபடியும் கேட்டது.

அந்த மாதம் முழுவதும் சங்கரவடிவு மழையைப் பற்றியே பேசினாள். ஞாயிறன்று முதல் ஆளாக வந்து முன்வரிசையில் இடம் பிடித்தாள். கோமதிநாயகமும் இந்தத் தடவை படத்தைத்தான் பார்ப்பது என்று சத்தியமே செய்திருந்தார். விளக்குகள் அணைந்தன. ஜெபஸ்டின் ஏதோ எழுதுவது ஓரக்கண்ணில் பட்டது. கை மடிப்பலகைக்குப் போனது. படத்தின் பெயர் திரையில் வருவதற்குள் அவர் எழுதி அனுப்பிவிட்டார்: "போன தடவை அளவுக்கு இல்லை. அஞ்சுக்கு ஒண்ணரை."

சபாஷ்கள் குவிந்தன. நூறு, இருநூறு, முந்நூறு. ஜெபஸ்டினின் முகம் சுருங்குவதைக் கோமதிநாயகம் ஆசை தீரப் பார்த்தார். சங்கரவடிவு பலகையில் ஓடும் எண்ணிக்கையைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஜெயிச்சிட்டீங்க! அடுத்த மாசம் மழைப் படந்தான்!"

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. பின்வரிசையில் துடைப்பான் ஏழு துடைப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.