படம் எடுத்த எலும்பு!

"ஆ... யா அல்லாஹ்...!"

அந்த அலறல் கண்டியின் திருகோணமலைத் தெரு முழுக்கக் கேட்டது.

பல் டாக்டர் மயில்வாகனத்தின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. குறட்டின் வாயில் ஒரு கடைவாய்ப் பல்.

பல் மட்டும் அல்ல!

பல்லோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு அங்குல நீளத்துக்கு... தாடை எலும்பு!

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, கண்டியில் பதினாறு வருஷமாகப் பல் பிடுங்குகிறவர் மயில்வாகனம். பல்லை இழுத்தால் பின்னாலேயே தாடையும் வரும் என்பதை, 1934ஆம் ஆண்டின் அந்த மழை நாளில்தான் கண்டார்.

கதிரையில் கிடந்த கைரியா மயங்கிப் போனாள். கூட வேலை செய்யும் ரபீகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குறட்டில் தொங்கிய எலும்பையே பார்த்தாள்.

ரபீகாவின் நாக்கு, தன் வாய்க்குள் மெல்ல நகர்ந்து இடதுபக்கக் கடைவாய்ப் பல்லைத் தொட்டது.

பல் ஆடியது.

நேற்றையைவிடக் கொஞ்சம் கூடுதலாக!

*

கைரியாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ரபீகா வெளி அறைக்கு வந்தாள். அங்கே இருவர் காத்திருந்தார்கள்.

ஒருவர் இன்ஸ்பெக்டர் துவான் ஜுனைதீன். மலாய்க்காரர். மீசை சிரித்தாலும் கண் சிரிக்காத ஆள்.

மற்றவர் ஹபீல் முதலாளி. கொழும்புத் தெருவில் மணிக்கூட்டுக் கடை வைத்திருப்பவர். அந்தக் கடையின் பின்கட்டில்தான் ஸக்கியா, கைரியா, ரபீகா மூவருக்கும் வேலை. மணிக்கூட்டு முகத்தில், இருட்டிலும் பச்சையாகத் தெரியும் எண்களை எழுதும் வேலை.

இரண்டு மாதத்துக்கு முன் ஸக்கியா மவுத்தாகிவிட்டாள். முதலில் ஒரு பல் ஆடியது. பிறகு தாடை அழுகியது. எட்டே மாதத்தில் கபன் துணி சுற்றித் தூக்கிப்போய் மையவாடியில் அடக்கினார்கள்.

இப்போது கைரியா.

"ஒரே கடை... ஒரே நோய்... ரெண்டு பொம்பள!" இன்ஸ்பெக்டர் பிரம்பால் தன் தொடையைத் தட்டினார். "ரபீகா, மூணு பேருக்கும் பகல் சோறு ஆக்கிக் கொண்டு வாறது ஆரு?"

"நா... நான்தான் சேர்."

"அதைத்தான் சேர் பெட்டிசன்லயும் எழுதினேன்!" ஹபீல் முதலாளி கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். "மூணு பேரையும் என்ட பிள்ளைகள் மாதிரி வச்சுப் பாத்தேன். இவள் வந்து ஒரு வருஷம்தான் ஈக்கும். வந்த பொறகுதான் இந்த முஸீபத்தெல்லாம்!"

ரபீகா திடுக்கிட்டாள். பெட்டிசனா? முதலாளியா?

"சேர், நாங்க ஒரே சஹன்ல தின்ட ஆக்கள்! ஒரு தட்டு, மூணு கை. நான் நஞ்சு போட்டா அது என்ட வயித்துக்கும்தானே போகும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்." இன்ஸ்பெக்டர் குனிந்து அவள் முகத்துக்கு நேரே வந்தார். "ஒரே சஹன்ல தின்ட ரெண்டு பேருக்குத் தாடை போச்சு. ஒனக்கு மட்டும் ஏன் ஒன்டும் ஆகல்ல?"

ரபீகாவின் வாய் திறந்தது.

மூடிக்கொண்டது.

என் பல்லும் ஆடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி போய்விடும். ஆனால்... சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடுமே! ஸக்கியாவுக்கும் இப்படித்தானே தொடங்கியது!

சொல்லாவிட்டால் தூக்குக் கயிறு. சொன்னால் மையவாடி. இருபத்திரண்டு வயதுப் பெண் எதைத்தான் எடுப்பாள்? அழுதுகொண்டு நின்றாள்.

"இன்ஸ்பெக்டர்!" உள்ளே இருந்து மயில்வாகனம் வந்தார். "மூண்டு நாள் தாங்கோ. இது நஞ்சோ, எலும்பிலை வாற வருத்தமோ எண்டு எனக்கே இன்னும் விளங்கேல்லை."

"மூணு நாள்தான் டாக்டர். அதுக்குப் பொறகு இவள் போகம்பரைச் சிறையில மறியலுக்கு!"

*

மூன்றாம் நாள். பகல் பதினொரு மணி.

பொலிஸ் நிலையத்தில் டெலிபோன் அலறியது.

"இன்ஸ்பெக்டர், அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடனை வாங்கோ! ஒரு படம் காட்ட வேணும்!"

அரை மணி நேரத்தில் ரபீகாவோடு வந்து நின்றார் ஜுனைதீன்.

மயில்வாகனத்தின் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. அவர் ஒரு சின்ன எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதில் மங்கலாக ஒரு உருவம். வளைந்த எலும்பு... அதன் மேல் ஒரு பல்.

"கைரியாட எலும்பு. எக்ஸ்ரே எடுத்தீங்களாக்கும்?"

"நான் எடுக்கேல்லை."

"அப்ப ஆரு எடுத்த?"

"எலும்பு!"

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர்... நீங்க சரியா நித்திரை கொண்டு எத்தனை நாள் ஈக்கும்?"

"பகிடி இல்லை இன்ஸ்பெக்டர்! அந்த எலும்பைக் கடுதாசியிலை சுத்தி மேசை லாச்சிக்குள்ளை வைச்சனான். அடியிலை பிரிக்காத பிலிம் பைக்கற்று ஒண்டு கிடந்தது. மூண்டு நாளும் எக்ஸ்ரே மிஷின் ஓடேல்லை! இண்டைக்குப் பிலிமைக் கழுவினால்... எலும்பு தன்ரை படத்தைத் தானே எடுத்து வைச்சிருக்கு!"

ரபீகா இரண்டடி பின்வாங்கினாள்.

"ஜின்...!" என்றாள் நடுங்கும் குரலில். "ஸக்கியாட உம்மா சொன்னா... வேலைய விட்ட பொறகும் இருட்டுல மகள்ட முகம் பச்சையா எரிஞ்சதாம். சேர், என்ட அலுமாரிக்குள்ளயும்... மருந்து போகக் கழுவி வச்ச முக்காடு ஒன்டு இன்னும் எரியுது! நான் ஆருக்கும் சொல்லல்ல!"

"ஜின்னும் இல்லை, பேயும் இல்லை பிள்ளை." டாக்டர் அவள் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்கோ. எண் எழுதேக்கை பிரஷை என்ன செய்யிறனீங்கள்?"

"அந்த எரியிற மருந்துல தோச்சு எழுதுவோம். நுனி விரிஞ்சா வாயில வச்சு..."

"வாயிலையோ?"

"ஓ. உதட்டால கூர் எடுப்போம். முதலாளிதான் பழக்கின. தண்ணியில கழுவினா மருந்து வீணாப் போகுமாம். அது ஒடம்புக்கு நல்லமாம், கன்னம் செவக்குமாம்..."

டாக்டரின் கையில் இருந்த பிலிம் கீழே விழுந்தது.

"அது ரேடியம் பிள்ளை! வயித்துக்குப் போனால் நேரை எலும்பிலை போய்க் குந்தியிடும். அமெரிக்காவிலை இதே வேலை செய்த பெட்டையளுக்கு இப்பிடித்தான் தாடை உதிர்ந்தது எண்டு வாசிச்சிருக்கிறன்." அவர் குரல் தாழ்ந்தது. "எங்கை... வாயைத் திறவுங்கோ."

ரபீகா உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலையை ஆட்டினாள். கண்ணீர் கொட்டியது.

"பயமா ஈக்கிது டாக்டர்..."

"எனக்கும்தான். திறவுங்கோ."

திறந்தாள்.

டாக்டரின் விரல் கடைவாய்ப் பல்லைத் தொட்டது. நின்றது. அவர் திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

பிரம்பால் தொடையைத் தட்டுவதை ஜுனைதீன் நிறுத்திக்கொண்டார்.

*

"ரேடியமா? நஞ்சா? நல்ல கூத்து!"

கடையின் பின்கட்டில் நின்று ஹபீல் முதலாளி கடகடவென்று சிரித்தார். சட்டைப் பையில் இருந்து தன் பிரஷை எடுத்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து, தோய்த்தார். எல்லோரும் பார்க்க, பிரஷை வாயில் வைத்து உறிஞ்சிக் கூர் எடுத்தார்!

டாக்டர் பதறிப் போனார். "ஐயோ, துப்புங்கோ!"

"என்னத்துக்குத் துப்ப? நாலு வருஷமா நாளுக்கு ஒரு மணிக்கூடு நானும் எழுதுறேன். இந்தா, எண்ணிப் பாருங்க!" வாயை அகலமாகத் திறந்தார். முப்பத்திரண்டு பல்லும் முத்து முத்தாக மின்னின. "ஒன்டு ஆடுதா? மருந்துல கோளாறு எண்டா மொதல்ல நான்ல மவுத்தாகனும்! சோத்துலதான் சேர் கோளாறு!"

டாக்டர் விரலை விட்டுத் தாடையை அமுக்கினார். எட்டிப் பார்த்தார். எலும்பு கல்லுப் போல. ஈறு ரோஜாப் போல.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "ரபீகா... பல்லு ஆடுறதுக்காக நீ கொல்லல்ல எண்டு ஆகாது. பங்குச் சோத்துல கொஞ்சம் ஒன்ட பக்கமும் வந்திக்கலாம். கையை நீட்டு."

விலங்கு கிலுங்கியது.

ரபீகாவின் கண் இருண்டது. இருட்டு...

இருட்டறை!

பின்கட்டின் மூலையில் ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறை. எழுதிய எண்கள் ஒழுங்காக எரிகின்றனவா என்று பார்ப்பதற்காகக் கட்டியது. மூன்று பேரும் உள்ளே போவார்கள். ஒருத்தியின் பச்சை உதட்டைப் பார்த்து மற்றவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். முதலாளி மட்டும் ஒரு நாளும் வாசல்படியைத் தாண்டியதில்லை. அந்நியப் பெண்கள் இருக்கும் இருட்டுக்குள் நுழையாத மனுஷன், எவ்வளவு பேணுதல் என்று மூவரும் மெச்சிக்கொண்டார்கள்.

பேணுதலா?

"சேர்!" ரபீகாவின் குரல் கிரீச்சிட்டது. "விலங்கு போடுங்க. அதுக்கு முந்தி முதலாளிய அந்த அறைக்குள்ள கூட்டிட்டு வாங்க!"

ஹபீல் முதலாளியின் சிரிப்பு பட்டென்று நின்றது.

"அஸ்தஃபிருல்லாஹ்! அந்நியப் பொம்பளயோட இருட்டறைக்குள்ளயா? ஹராம்!"

"நானும் வாறேன் முதலாளி. டாக்டரும் வாறாரு. கலியாண வீடு மாதிரி கூட்டமாப் போவோம்!" இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை போட்டு உள்ளே தள்ளினார்.

கதவு மூடியது.

கும்மிருட்டு!

நாலு பேரின் மூச்சு மட்டும் கேட்டது. ரபீகா சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் நினைத்தது பிழையாக இருந்தால்... இந்தக் கதவு திறந்ததும் மறியல்தான்!

மெல்ல மெல்லக் கண் பழகியது.

முதலில் தெரிந்தது ரபீகாவின் முக்காட்டு ஓரம். ஒரு வருஷமாக உதட்டைத் துடைத்த இடம்... பச்சையாக எரிந்தது. அவள் நகக்கண் ஒவ்வொன்றும் மினுங்கியது.

"முதலாளி," இன்ஸ்பெக்டரின் குரல் அமைதியாக வந்தது. "இப்பத்தானே பிரஷை உறிஞ்சினீங்க? வாயைத் திறங்க."

முதலாளி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"திறங்க!"

ஒளி இல்லை. உதட்டில் இல்லை. நாக்கில் இல்லை. பிரஷ் நுனியிலும் இல்லை. ஹபீல் முதலாளி நின்ற இடத்தில் வெறும் இருட்டுதான் நின்றது!

"அவரட போத்தல் வேற சேர், வெறும் சாயம்!" ரபீகா கத்தினாள். "வெளிச்சத்துல ரெண்டும் ஒரே மஞ்சள்தான். எங்களுக்குத் தந்த மருந்த அவர் ஒரு நாளும் வாயில வச்சதில்ல! அதாலதான் இதுக்குள்ள வராத!"

தடதடவென்று காலடி ஓசை. இருட்டில் யாரோ டாக்டரை மோதித் தள்ளினார்கள். "மடார்!" என்று ஒரு சத்தம். ஒரு அலறல்!

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தபோது, கதவு நிலையில் முகம் மோதி, வாயெல்லாம் இரத்தமாக உட்கார்ந்திருந்தார் ஹபீல் முதலாளி.

மேசை லாச்சியின் அடியில் ஒரு கடிதம் கிடைத்தது. மருந்து அனுப்பும் சீமைக் கம்பெனி எழுதியது. மூன்று வருஷத்துக்கு முந்திய திகதி. டாக்டர் வாசித்தார். "பிரஷை எக்காரணம் கொண்டும் வாயில் வைக்கக் கூடாது... எலும்பை அரிக்கும்..."

ஸக்கியா சாகும்வரை அந்தக் கடிதம் லாச்சிக்குள்தான் இருந்திருக்கிறது! ரபீகா அதை வாங்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"தெரிஞ்சும் எங்களுக்குத் தந்தீங்களே முதலாளி! பிள்ளைகள் மாதிரி எண்டு சொன்னீங்களே!"



அவளுக்குப் போட இருந்த விலங்கு அவர் கையில் ஏறியது.

"டாக்டர்..." ரபீகா தயங்கினாள். நாக்கு மறுபடியும் அந்தப் பல்லைத் தொட்டது. "எனக்கு... எத்தனை மாசம் ஈக்கும்?"

"மாசக் கணக்கை விடுங்கோ. பல்லுத்தான் ஆடுது. எலும்பு இன்னும் இறுக்கமா இருக்கு. ஒரு வருஷத்தோடை தப்பியிட்டியள் பிள்ளை. பயம் முழுசாப் போயிட்டுது எண்டு பொய் சொல்ல மாட்டன். மாதம் ஒருக்கால் வந்து வாயைக் காட்ட வேணும்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரபீகா வாய்விட்டு அழுதாள். ஆனால் இந்த அழுகையில் மூச்சு விட இடம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கைதியைத் தூக்கி நிறுத்தினார். "என்ன டாக்டர், கோர்ட்டுல இந்த ஆளட நல்ல பல்லுதான் எங்களுக்குச் சாட்சி, என்ன?"

மயில்வாகனம் குனிந்து, நிலைப்படியில் கிடந்த இரண்டு வெள்ளைப் பற்களைக் கைலேஞ்சியால் பொறுக்கி எடுத்தார்.

"ரெண்டு சாட்சி விழுந்திட்டுது இன்ஸ்பெக்டர்... பரவாயில்லை, மிச்சம் முப்பது இருக்கு!"