மூச்சைப் பின்தொடரும் கை

அறுவை அரங்கின் பெரிய விளக்கு, ஏசி, மானிட்டர் திரைகள் எல்லாவற்றையும் அணைத்த பிறகும், எங்கோ பிளாஸ்டிக் சரசரக்கும் சத்தம் மட்டும் ஓயவில்லை. ஸ்பிரிட் வாடையும் எலும்பைத் துளைத்தால் எழும் கருகல் வாடையும் இன்னும் கலந்து கிடந்த அந்த அறையில், நர்ஸ் கத்தரிகளைத் தட்டில் அடுக்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

சற்றுமுன் இங்கே படுத்திருந்தவன் அவளுடைய தம்பி. சொந்தக்காரி என்பதால் அறுவையின்போது அவளை உள்ளே விடவில்லை. இப்போது அவன் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பக்கத்து அறையில் மயக்கம் தெளியாமல் கிடந்தான். அங்கே பார்த்துக்கொள்ள இருந்த நர்ஸ், "நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களே" என்று டீ குடிக்கப் போய்விட்டாள்.

முதுகுத்தண்டில் கைவைக்கவே வேண்டாம் என்றவனை, ஒற்றைக்காலில் நின்று சம்மதிக்க வைத்தவள் அவள்தான். காலையில்கூட அவன் கிண்டல் செய்தான்.

"நீ ஊசி போடுறதுக்கு அந்த ரோபோவே தேவலைக்கா."

அவள் சிரித்தாள். ஆனால் ரோபோவோடு கம்பெனியிலிருந்து வந்த மெஷின்காரர் விளக்கியது அவளுக்குப் பிடிக்கவில்லை. மூச்சுவிடும்போது முதுகு ஏறி இறங்குமாம்; எலும்பில் இறக்கும் திருகாணி இடம் தப்பாமலிருக்க ரோபோவின் இயந்திரக் கையும் கூடவே ஏறி இறங்குமாம். ஒருவனுடைய மூச்சை இன்னொன்று அப்படி உற்றுக் கவனிப்பானேன் என்று அப்போதே உறுத்தியது.

சத்தம் அந்த இயந்திரக் கையிடமிருந்துதான் வந்தது.

பிளாஸ்டிக் உறைக்குள் அது மெல்ல ஏறியது. நின்றது. இறங்கியது. காலியான மேசைக்கு மேலே, யாருடைய முதுகையோ தடவிக் கொடுப்பதுபோல. வயர் பிடுங்கி வண்டியில் சுற்றப்பட்டிருந்தது. உள்ளே பேட்டரி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனம் கேட்கவில்லை.

கண்ணாடி வழியே பார்த்தாள். தம்பியின் மார்பு ஏறியது. நின்றது. இறங்கியது.

ஓடிப்போய் இயந்திரக் கையை இறுகப் பிடித்தாள். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

பக்கத்து அறையில் அலாரம் அலறியது.

விட்டாள். அலாரம் அடங்கியது.

சந்தேகம் பொல்லாதது. ஒரே ஒரு விரலால் மறுபடி தொட்டாள். அலாரம். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, திறந்திருந்த இடைக்கதவு வழியே தம்பியிடம் ஓடினாள்; கதவு பின்னால் தானே சாத்திக்கொண்டது. மூச்சு வந்துகொண்டிருந்தது. அவன் நெற்றியில் கைவைத்தாள். அழுகை வந்தது.

அப்போதுதான் அரங்கின் வெளிக்கதவு திறந்தது. மெஷின்காரர். துணிப்பையும் சாவியுமாக வந்தவர் இயந்திரக் கையின் உறையை உருவினார்.

"தொடாதீங்க!"

தடித்த கண்ணாடி. அவர் சிரித்தபடி காதில் கைவைத்துக் காட்டினார்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க!"

"மடக்கி லாக் பண்ணிட்டுக் கிளம்பிடுறேன் சிஸ்டர்!" அவர் உதடுகள் அசைவதிலிருந்தே புரிந்தது.

தம்பியின் மார்பு ஏறியது.

அவர் இயந்திரக் கையைப் பிடித்தார். சாவியைத் திருகினார்.

மார்பு அங்கேயே நின்றது.

அலாரம். அவள் தம்பியின் மார்பில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. முழு எடையையும் போட்டு அழுத்தினாள். இரும்பு. அழுத்த அழுத்த, கண்ணாடிக்கு அப்பால் பூட்டிய கை லேசாக அதிர்ந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, லாக் சரியாக விழவில்லை என்று எண்ணி, இன்னொரு சுற்று இறுக்கினார்.

தம்பி கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான்.