முழு சிக்னல்

கைப்பேசியில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. அதுதான் அவனுக்கு முதலில் உறுத்தியது.

இந்த மேட்டில் டவர் கிடையாது. வரவிடாமல் செய்ததே அவன்தான். போன வருடம் சிக்னல் அளக்க வந்தவன், ஏற்றத்துக்குச் சோம்பல்பட்டு அடிவாரத்து டீக்கடையிலேயே உட்கார்ந்து, மேலே நன்றாக எடுக்கிறது, புது டவர் தேவையில்லை என்று எழுதி அனுப்பிவிட்டான். யார் ஏறிப் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். மேட்டு ஜனங்கள் விடாமல் மனு கொடுத்ததில், அலுவலகம் இன்று அவனையே திரும்ப அனுப்பியிருந்தது. வீட்டில் நிறைமாத மனைவி தனியாக இருக்கிறாள். சீக்கிரம் இறங்கிவிட வேண்டும்.

வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடந்த லாரி டிரைவர் மேட்டு வீட்டுக்காரர்தான். மங்கிய வெளிச்சத்தில், ஈரமண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடையில், காலடியில் சரளைக்கல் நொறுங்கிக்கொண்டே வந்தது. நடந்தது இரண்டு பேர். கேட்டது மூன்று பேர் நடக்கிற சத்தம்.

"இந்தப் பாறைதான் சார்," என்று டிரைவர் நின்றார். "போன மழைக்கு என் சம்சாரத்துக்கு வலி வந்துச்சு. நான் லோடு ஏத்திட்டு வெளியூர்ல. ஆம்புலன்ஸக் கூப்பிட இது மேல ஏறி நின்னுருக்கா. லைனே கிடைக்கல. ரெண்டு உயிர் சார்."

அவன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க வந்து அளந்தீங்கன்னு நம்பினோம் பாருங்க, எங்களச் சொல்லணும். ஏறுங்க. இன்னைக்காவது அளங்க."

ஏறினான். மழை பெய்யாத நாளில் பாறை ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பான ஈரம்.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, பனிக்குடம் உடைஞ்சிருச்சு... ஹலோ? கேக்குதா?"

"கேக்குது! பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிடு!"

"ஹலோ? ஒண்ணுமே கேக்கலங்க..."

அவள் மூச்சிரைப்பு காதுக்குள்ளேயே இருந்தது. அவன் தொண்டை கிழியக் கத்தினான். ஆம்புலன்ஸுக்குப் போட அழைப்பைத் துண்டித்தான். துண்டாகவில்லை. மறுபடி அழுத்தினான். அவள் முனகல் நிற்கவில்லை.

"டிரைவரே, உங்க போனக் குடுங்க! கால்ல விழறேன்!"

டிரைவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என் சம்சாரம் கோவக்காரி சார். நான் சொன்னாலும் கேக்க மாட்டா."

மனைவி வீறிட்டாள். சட்டென்று அடங்கினாள். தரையில் ஈரத்துணி இழுபடும் சத்தம்.

"யாருங்க நீங்க? கதவு தாழ் போட்டிருக்கேனே..."

ஒரு பெண் குரல் பதில் சொன்னது. பொறுமையான குரல்.

"கத்தாதம்மா. உன் வீட்டுக்காரருக்கு நல்லாவே கேக்குது. கேட்டுட்டே நிக்கட்டும்."

திரை தானாக ஒளிர்ந்தது. அவன் வீட்டுப் படுக்கையறை. படம் துளிகூடத் தடங்கல் இல்லாமல் ஓடியது. கட்டிலருகே, சேறு அப்பிய முதுகோடு ஒருத்தி குனிந்திருந்தாள். ஒரு கையில் அசையாத சிசு.

மற்ற கையை அவன் மனைவியின் வயிற்றை நோக்கி நீட்டினாள்.